யார் இந்த இஸ்மத் சுக்தாய்? ஒரு போர்வைக் கதைக்காக கோர்ட் படியேறியவர்

லிஹாஃப் என்றால் பஞ்சு அடைத்துத் தைத்த கனமான போர்வை. வேடசந்தூர் வெயிலுக்கு அப்படி ஒன்று தேவையே இல்லை. ஆனால் அந்தப் பெயரில் உருது மொழியில் வந்த ஒரு சிறுகதை, 80 வருஷத்துக்கு மேலாகியும் சூடு ஆறாமல் கிடக்கிறது. எழுதியவர் இஸ்மத் சுக்தாய்.

உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் பிறந்தவர். வீட்டில் 10 பிள்ளைகள், இவர் ஒன்பதாவது. அண்ணன்களோடு மரம் ஏறி, சண்டை போட்டு வளர்ந்த பெண். படிப்பை நிறுத்தி கல்யாணம் பேசியபோது, படிக்க விடாவிட்டால் வீட்டை விட்டு ஓடி, மிஷன் பள்ளியில் சேர்ந்து மதம் மாறிவிடுவேன் என்று அப்பாவையே மிரட்டினார். அப்பா இறங்கி வந்தார். லக்னோவில் பி.ஏ., அலிகாரில் ஆசிரியர் பயிற்சி முடித்தார்.

கதை வெளியானது 1942-ல், லாகூரின் 'அதப்-ஏ-லத்தீஃப்' இதழில். ஒரு நவாபுக்கு வாழ்க்கைப்பட்ட பேகம் ஜான், இளைஞர்களோடே பொழுதைக் கழிக்கும் கணவனால் அந்தப்புரத்தில் கைவிடப்படுகிறார். உடம்பு பிடித்துவிடும் பணிப்பெண் ரப்புவிடம் அவருக்கு நெருக்கம் வருகிறது. ராத்திரியில் போர்வை அசைவதையும் சுவரில் யானை மாதிரி நிழல் ஆடுவதையும் விருந்தாளியாக வந்த ஒரு சிறுமி பார்க்கிறாள். அவ்வளவுதான், வெளிப்படையாக ஒரு வார்த்தை கிடையாது. அந்தச் சிறுமியிடமும் பேகம் அத்துமீறுவதால், இதை அழகான காதல் கதை என்று சுலபமாகக் கொண்டாடவும் முடியாது.

அதே வருஷம் சினிமா இயக்குநர் ஷாஹித் லத்தீஃபோடு கல்யாணம். 1944 கடைசியில், கைக்குழந்தையோடு இருந்த நேரத்தில், பம்பாய் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. ஆபாச வழக்கு, விசாரணை லாகூரில். மன்னிப்பு கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள்; அவர் மறுத்துவிட்டார். இன்னொரு கதைக்காக மண்ட்டோவும் அதே கோர்ட்டுக்கு வந்திருந்தார். வாய்தாவுக்குப் போன இடத்தில் இரண்டு பேரும் ஊர் சுற்றி செருப்பு வாங்கினார்கள்!

கதையில் ஆபாசமான வார்த்தையைக் காட்டும்படி வக்கீல் கேட்டார். சாட்சிக்காரர் தேடித் தேடி, காதலன் என்று பொருள்படும் ஆஷிக் என்ற சொல்லைக் காட்டினார். நல்ல குடும்பத்துப் பெண் அப்படி எழுதலாமா என்பது அவர் வாதம். அது எடுபடவில்லை, வழக்கு தள்ளுபடியானது.

பெண்களுக்குள் நெருக்கம் என்பது எங்கிருந்தோ இறக்குமதியான விஷயமும் இல்லை. சீனாவின் குவாங்டாங்கில் பட்டு நூற்கும் மில்களில் வேலை பார்த்த பெண்கள் பலர், கல்யாணமே வேண்டாம் என்று சபதம் எடுத்து, தங்கள் கையாலேயே கூந்தலை மணமானவர்போல முடிந்துகொண்டார்கள். சிலர் தோழியோடு சேர்ந்தே வாழ்ந்தார்கள். கையில் சொந்தச் சம்பளம் இருந்ததால் அது முடிந்தது. நூற்பாலைகள் நிறைந்த வேடசந்தூர் பக்கம் இதன் அர்த்தம் சட்டென்று புரியும். பேகம் ஜானுக்கு அந்தச் சம்பளம் இல்லை.

திண்டுக்கல் தாண்டினால் வரும் மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டை விட்டு வெளியேறி சென்னைக்கு வந்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் போலீசுக்கு உத்தரவிட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் புரிந்துகொள்ளத் தானே ஓர் உளவியல் நிபுணரிடம் போய்ப் பேசினார்.

இஸ்மத்தின் பெரிய படைப்பு 'டேடி லகீர்' நாவல்தான். 'கரம் ஹவா' படத்தின் மூலக்கதையும் அவருடையது. 1976-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனாலும் எங்கே போனாலும் போர்வைக் கதையையே கேட்டார்கள். அதில் அவருக்குச் சலிப்பு உண்டு.

பேகம் ஜான் பாத்திரத்துக்கு அலிகாரில் நிஜமாகவே ஒரு பெண் இருந்தார். பல வருஷம் கழித்து ஒரு விருந்தில் அவர் எதிரே வந்தபோது இஸ்மத்துக்கு உள்ளுக்குள் உதறல். அந்தப் பெண்ணோ ஓடி வந்து கட்டிப்பிடித்தார். நவாபை விவாகரத்து செய்து மறுமணம் செய்துகொண்டிருந்தார். பிறகு ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, தன் மகனைக் காட்டினார்.

இஸ்மத் 1991 அக்டோபர் 24-ல் பம்பாயில் காலமானார். அவர் விருப்பப்படியே, புதைக்காமல், சந்தன்வாடி மயானத்தில் தகனம் செய்தார்கள்.