அக்காவை மறக்காத தம்பி
டென்னசி வில்லியம்ஸ் (1911 – 1983)

அமெரிக்க நாடகம் என்றாலே முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று டென்னசி வில்லியம்ஸ். அவர் ஏன் நாடகம் எழுதினார் தெரியுமா? அதற்குப் பின்னாடி ஒரு அக்கா இருக்காங்க.

1911 மார்ச் 26-ல் மிசிசிப்பி மாநிலம் கொலம்பஸ் என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் தாமஸ். வீட்டில் டாம். அக்கா பெயர் ரோஸ். ரெண்டு பேருக்கும் ஒன்றரை வயசு கூட வித்தியாசம் இல்லை. எப்பவும் சேர்ந்தே விளையாடுவாங்க. சின்ன வயசிலேயே டாமுக்கு டிப்தீரியா நோய் வந்து ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தார். பெண்பிள்ளை மாதிரி இருக்கிறான் என்று அப்பா கேலி செய்வார்.

1918-ல் குடும்பம் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வந்தது. அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. ஆம்பளைன்னா சம்பாதிக்கணும் என்று டாமின் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தி, அதே கம்பெனியில் சேர்த்துவிட்டார். பகலில் வேலை, ராத்திரியில் எழுத்து!

ரோஸின் நிலைமை இன்னும் மோசம். பொண்ணுன்னா அழகா உடுத்தி, இனிமையாப் பேசி, நல்ல வரனாப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கணும் என்பது அம்மாவின் எண்ணம். ரோஸுக்கு அது வரவில்லை. டைப்ரைட்டிங் படிப்பும் ஒத்துவரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மனநிலை பாதித்தது. டாக்டர்கள் அதை மனச்சிதைவு நோய் என்றார்கள். 1937-ல் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

1943 ஜனவரியில் ரோஸுக்கு லோபாடமி என்ற ஆபரேஷன் நடந்தது. மூளையின் முன்பகுதி நரம்புகளைத் துண்டித்துவிடுவார்கள். டாம் அப்போது வீட்டில் இல்லை. ரோஸ் அமைதியானார். ஆனால் பழைய ரோஸ் திரும்பி வரவே இல்லை. இதில் கொடுமை என்னன்னா, இந்த ஆபரேஷனைக் கொண்டுவந்தவருக்கு 1949-ல் நோபல் பரிசே கொடுத்தாங்க! பின்னாளில்தான் டாக்டர்கள் அதைக் கைவிட்டார்கள்.

அக்காவைக் காப்பாத்த முடியலையே என்ற வேதனை டாமை விடவே இல்லை. 1945-ல் நியூயார்க்கில் மேடையேறிய 'கிளாஸ் மெனாஜரி' நாடகத்தில் கண்ணாடிப் பொம்மைகளோடு வாழும் கூச்ச சுபாவப் பெண் லாரா வருவாள். அவள் ரோஸின் நிழல்தான்.

1947-ல் வந்தது 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்'. ஆசை என்ற பெயருள்ள டிராம் வண்டி என்று அர்த்தம். நியூ ஆர்லியன்ஸ் நகரில் அந்தப் பெயரில் நிஜமாகவே டிராம் ஓடியது! பிளான்ச் என்ற ஆசிரியை சொத்து, வேலை எல்லாம் இழந்து தங்கை வீட்டுக்கு வருகிறாள். அங்கே தங்கை கணவன் ஸ்டான்லி வைத்ததுதான் சட்டம். அவன் பிளான்சுக்குப் பெருங்கொடுமை செய்கிறான். அவள் அதைச் சொல்கிறாள். கணவனை விட்டால் வேறு கதியில்லாத தங்கை, அதை நம்ப மறுக்கிறாள். ஏற்கெனவே தளர்ந்திருந்த பிளான்சின் மனம் உடைகிறது. கடைசியில் டாக்டர் வந்து அவளை அழைத்துப் போகிறார். தப்பு செய்தவன் வீட்டிலேயே இருக்கிறான்! இந்த நாடகத்துக்கு 1948-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பணமும் புகழும் வந்த பிறகு டென்னசி அக்காவை மறக்கவில்லை. நல்ல காப்பகத்தில் சேர்த்தார். அடிக்கடி போய்ப் பார்த்தார். வெளியூருக்கும் கூட்டிக்கொண்டு போனார். அவரும் மதுவாலும் மாத்திரைகளாலும் கெட்டுப்போய், 1969-ல் மனநல சிகிச்சை எடுத்தவர்தான். 1983 பிப்ரவரி 25-ல் நியூயார்க் ஓட்டல் அறையில் இறந்தார். உயிலில் அக்காவின் பராமரிப்புக்கு வழி செய்திருந்தார். ரோஸ் 1996 வரை வாழ்ந்தார்.

நண்பர்களே, ஆண் அழக்கூடாது, பெண் எதிர்த்துப் பேசக்கூடாது என்று நாமும்தான் சொல்கிறோம். மனநோய் யாருக்கும் வரலாம். அப்போது அவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆளாவது வேணும். நாம் அந்த ஆளாக இருப்போமா?