கணித மேதை சிவசங்கரநாராயண பிள்ளை

வானளாவிய கட்டடங்களும் பரந்த நிலமும் ஒரு பல்கலைக்கழகத்திற்கு அழகு செய்யும். எனினும், உலகம் அதுவரை அறியாதிருந்த உண்மை ஒன்று அங்கு வெளிப்படும்போதுதான் அதன் பெயர் அறிஞர் உலகில் நிலைபெறுகின்றது. சிதம்பரத்தில் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றி ஏழாண்டுகளே ஆன நிலையில் அத்தகைய பெருமையை எய்தியது. அதனை ஈட்டித் தந்தவர், அங்குக் கணித விரிவுரையாளராய்ப் பணிபுரிந்த சு. சிவசங்கரநாராயண பிள்ளை ஆவார். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக மேலைநாட்டு அறிஞர்களைத் திகைக்க வைத்த கணக்கு ஒன்றின் பெரும்பகுதியை அவர் அவ்வூரிலிருந்தே தீர்த்து வைத்தார்.

செங்கோட்டைக்கு அருகில் வல்லம் என்றோர் ஊர் உண்டு. இன்று அது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரில் 1901ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 5ஆம் நாள், சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகச் சிவசங்கரநாராயணர் பிறந்தார். குழந்தைக்கு ஓராண்டு நிரம்பிய அளவிலேயே தாயார் இறந்துவிட்டார். தந்தையாரும் உறவினராகிய முதிய அம்மையார் ஒருவரும் அவரை வளர்த்து வந்தனர். செங்கோட்டைப் பள்ளியில் பயின்றபோது, சாத்திரியார் என்னும் ஆசிரியர் சிறுவனின் கணக்கறிவைக் கண்டு வியந்து அன்பு பாராட்டினார். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் தந்தையாரும் காலமானார். தாயும் தந்தையும் இல்லாத ஏழை மாணவனின் கல்வி அத்துடன் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. அந்நிலையில் சாத்திரியார் தம் பொருளைக் கொடுத்து உதவி, மாணவனின் படிப்புத் தடைப்படாமல் காத்தார். அவ்வாசிரியர் அன்று கைகொடாதிருந்தால், பின்னாளில் கணித உலகம் ஒரு பேரறிஞரை இழந்திருக்கும்.

சிவசங்கரநாராயணர் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் பயின்றார். பின்னர்த் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் சேர்ந்து பி. ஏ. பட்டம் பெற்றார். 1927ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி மாணவராக அவரை ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் சென்னையில் ஆனந்தராவ் என்னும் பேராசிரியர் விளங்கினார். அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சில் பயின்றவர். கணித மேதை இராமானுசனின் அருமையை உலகிற்கு உணர்த்திய ஹார்டி என்னும் பேரறிஞரிடம் பாடங்கேட்டவர். அவரிடமும் வைத்தியநாதசாமி என்னும் மற்றொரு கணித அறிஞரிடமும் பழகி, எண்களின் இயல்பை ஆராயும் எண்கோட்பாட்டுத் துறையில் பிள்ளை ஆழ்ந்த பயிற்சி பெற்றார்.

கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டது அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டம். அதன் தென்பகுதியில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, தில்லை என்னும் சிதம்பரம் உள்ளது. ஆடல்வல்லானின் திருக்கோயிலால் புகழ்பெற்ற அந்நகரில், அண்ணாமலைச் செட்டியார் 1920ஆம் ஆண்டு மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அக்கல்லூரி வளர்ந்து 1929ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதே ஆண்டில் பிள்ளை அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கி, கற்பித்தலையும் ஆராய்தலையும் இரு கண்களாகப் போற்றினார். அவர் வாழ்நாளின் சிறந்த ஆராய்ச்சிகள் அங்கேதான் உருப்பெற்றன.

அவர் தீர்த்த கணக்கு எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கக் கிடைப்பது வர்க்கம். 1, 4, 9, 16 என்பன வர்க்கங்கள். எந்த முழு எண்ணையும் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். 7 என்னும் எண்ணை 4, 1, 1, 1 என நான்கு வர்க்கங்களாகப் பிரிக்கலாம். நான்கிற்குக் குறைவாகப் பிரிக்க இயலாது. அவ்வாறே 1, 8, 27 என்பன கனங்கள். 23 என்னும் எண்ணில் இரண்டு 8களும் ஏழு 1களும் அடங்கியிருத்தலின், அதற்கு ஒன்பது கனங்கள் வேண்டும். எந்த எண்ணாயினும் நான்கு வர்க்கங்களும், ஒன்பது கனங்களும், பத்தொன்பது நான்காம் அடுக்குகளும் போதும் என்று வாரிங் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1770ஆம் ஆண்டு எழுதினார். மேலுள்ள அடுக்குகளுக்கும் இவ்வாறே ஓர் எல்லை உண்டு என்பது அவர் கருத்து. ஆனால் தம் கூற்றை மெய்ப்பித்துக் காட்டினாரில்லை.

வாரிங்கின் கூற்றில் வர்க்கங்களைப் பற்றிய பகுதியை இலக்ராஞ்சு என்னும் பேரறிஞர் அவ்வாண்டிலேயே மெய்ப்பித்தார். கனங்களைப் பற்றிய பகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் தெளிவாயிற்று. ஒவ்வோர் அடுக்கிற்கும் ஏதோ ஓர் எல்லை உண்டு என்பதைச் செருமானிய அறிஞர் ஹில்பர்ட் 1909ஆம் ஆண்டு நிறுவினார். ஆயினும் அவ்வெல்லை எத்தனை என்பதை அவர் முறை காட்டவில்லை. மலைக்கு அப்பால் ஓர் ஊர் உண்டு என அறிந்தும் அதன் தொலைவை அறியாத வழிப்போக்கரின் நிலையிலேயே அறிஞர்கள் இருந்தனர்.

1934ஆம் ஆண்டளவில் உருசிய நாட்டு வினோகிராதவ் என்பார் இத்துறைக்கு ஆற்றல் மிக்க புதிய முறை ஒன்றை வகுத்தளித்தார். அம்முறையைப் பிள்ளை கருவியாகக் கொண்டார். தம் நுண்ணறிவால் அதனை மேலும் கூர்மைப்படுத்தினார். ஏழாம் அடுக்கு முதலாக உள்ள எல்லா அடுக்குகளுக்கும் எத்தனை எண்கள் வேண்டும் என்பதைக் கூறும் விதியை 1935, 1936ஆம் ஆண்டுகளில் மெய்ப்பித்தார். எளிய நிபந்தனை ஒன்றுக்கு உட்பட்டது அவ்விதி. அந்நிபந்தனைக்கு மாறுபடும் அடுக்கு ஒன்றேனும் இன்றுவரை காணப்படவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டிக்சன் என்பாரும் தனியே முயன்று அதே முடிவை எய்தினார். உலகப் புகழ் வாய்ந்த மூத்த பேராசிரியர் ஒருவரும், சிதம்பரத்தில் இருந்த இளம் விரிவுரையாளர் ஒருவரும், ஒருவர் பணியை ஒருவர் அறியாமலே ஒரே சிகரத்தில் ஏறி நின்றனர். இராமானுசனுக்குப் பின் இந்தியக் கணிதம் கண்ட மிகச் சிறந்த சாதனைகளுள் இஃது ஒன்று என அறிஞர் போற்றுவர்.

ஏழாம் அடுக்கும் அதற்கு மேற்பட்டனவும் அடங்கிய பின்னர், ஆறாம் அடுக்கு எஞ்சி நின்றது. அடுக்குச் சிறிதாகுந்தோறும் இக்கணக்கில் இடர்ப்பாடு மிகும். பிள்ளை அதனையும் விட்டாரில்லை. 1940ஆம் ஆண்டு, எந்த எண்ணுக்கும் எழுபத்து மூன்று ஆறாம் அடுக்குகள் போதும் என்று நிறுவினார். 73 என்னும் எண் வருமாற்றை எளிதில் உணரலாம். ஆறு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 64 வரும். ஆறு ஒன்றரைகளை அவ்வாறே பெருக்கினால் 11உம் ஒரு பின்னமும் வரும். பின்னத்தை நீக்கி, 64உடன் 11ஐக் கூட்டி, 2ஐக் கழித்தால் 73 கிடைக்கும். இதற்குக் குறைந்தால் போதாது என்பதற்கு 703 என்னும் எண்ணே சான்று. மூன்றின் ஆறாம் அடுக்கு 729 ஆதலின், அது 703இல் அடங்காது. 64ஐப் பதினொரு முறை எடுத்தால் 704 ஆகி மிஞ்சிவிடும். ஆகவே பத்து 64களும் அறுபத்து மூன்று 1களும் கொண்டே அதனை அமைக்க வேண்டும். குறையாது என்று காட்டுதல் இவ்வாறு எளிது. எண்ணற்ற எண்களுள் ஒன்றுக்கேனும் இது மிகாது என்று காட்டுதலே அரிது. அவ்வரிய செயலைப் பிள்ளை முடித்தார்.

அவர் ஆராய்ச்சி அக்கணக்கோடு நின்றுவிடவில்லை. அடுத்தடுத்து வரும் எண்களுள் சிலவற்றை எடுத்துக்கொண்டால், மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்று அவற்றுள் இருக்குமா என்று ஆராய்ந்தார். பதினாறு எண்கள் வரை அத்தகைய எண் ஒன்று எப்போதும் உண்டு என்றும், பதினேழு எண்களாயின் அது தவறலாம் என்றும் கண்டார். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்கள் இதற்கு எடுத்துக்காட்டாகும். சர்வதமன் சௌலா என்னும் வடநாட்டு அறிஞருடன் சேர்ந்தும் அவர் கட்டுரை எழுதியுள்ளார். அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுபதுக்கும் மேற்பட்டவை. அவர் புலமையைப் பாராட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் டி. எஸ்ஸி. பட்டம் வழங்கியது.

1941ஆம் ஆண்டு பிள்ளை சிதம்பரத்தை விட்டுத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் சென்றார். அடுத்த ஆண்டு, கல்கத்தாப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் லெவி என்பார் அழைக்க, அங்கு விரிவுரையாளராய் அமர்ந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் புகழ் கடல் கடந்து பரவிற்று. அமெரிக்காவில் பிரின்சுடன் நகரத்து உயர் ஆய்வு நிறுவனம் ஓராண்டுக் காலம் தங்கி ஆராயுமாறு அவரை அழைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1950ஆம் ஆண்டு கூடிய உலகக் கணித மாநாட்டிற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பாளராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பயணம் தொடங்கிற்று, ஆனால் முற்றுப்பெறவில்லை. 1950ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 31ஆம் நாள், அவர் ஏறிச் சென்ற வானூர்தி எகிப்து நாட்டின் கெய்ரோ நகரை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்தில் பாலைவனத்தில் வீழ்ந்து எரிந்தது. அதில் இருந்த ஐம்பத்தைந்து பேரும் மாண்டனர். அன்று பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்பது. உலக அறிஞர் நடுவே அமர்ந்து தம் எண்ணங்களை எடுத்துரைக்கும் நாள் கைக்கு எட்டிய வேளையில் அப்பெருமகனார் மறைந்தார்.

அவர் தொடாமல் விட்ட இரண்டு அடுக்குகளும் பிற்காலத்தில் தீர்ந்தன. ஐந்தாம் அடுக்குக்கு முப்பத்தேழு போதும் என்பதைச் சீன நாட்டுச் சென் என்பார் 1964ஆம் ஆண்டு மெய்ப்பித்தார். நான்காம் அடுக்குக்கு வாரிங் கூறிய பத்தொன்பதே போதும் என்பதை இந்திய அறிஞர் பாலசுப்பிரமணியனும் பிரெஞ்சு அறிஞர் இருவரும் 1986ஆம் ஆண்டு நிறுவினர். பிள்ளையின் பெயரால் வழங்கும் கருதுகோள் ஒன்றோ இன்றும் தீராமலே நிற்கின்றது. 4, 8, 9, 16, 25, 27 என்றாற்போல அடுக்குகளாய் அமைந்த எண்களை வரிசைப்படுத்தினால், குறிப்பிட்ட இடைவெளி ஒன்று அவ்வரிசையில் சில முறையே வரும். முடிவின்றி வாராது என்பது அதன் பொருள். இடைவெளி ஒன்றாயிருத்தல் 8, 9 என்னும் இரண்டிற்கு மட்டுமே உரியது என்பது 2002ஆம் ஆண்டு தெளிவாயிற்று. ஏனைய இடைவெளிகளைப் பற்றிய மெய்ப்பு இனிமேல் வருதல் வேண்டும்.

தென்னார்க்காட்டின் அப்பகுதி இன்று கடலூர் மாவட்டம் எனப்படுகின்றது. பல்கலைக்கழகமும் பல துறைகளாய் விரிந்து, பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் கடல்வாழ் உயிர்களை ஆராயும் நிலையம்வரை வளர்ந்துள்ளது. அவ்வளர்ச்சிக்குத் தொடக்கத்திலேயே புகழ் சேர்த்த ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவில் அமைந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. தாளும் எழுதுகோலும் தளராத சிந்தனையும் போதியனவாயின. அச்சிந்தனையை வளர்த்தவர் செங்கோட்டைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்; அதற்கு நிழல் தந்தது சிதம்பரத்துப் புதிய பல்கலைக்கழகம். ஏழைச் சிறுவன் ஒருவனின் கல்வியைக் காத்தல் உலகின் அறிவையே காத்தலாகும் என்பதற்குச் சிவசங்கரநாராயண பிள்ளையின் வாழ்க்கை என்றும் சான்றாய் நிற்கும்.