போஸ்ட் கார்டில் 150 செஸ் ஆட்டங்கள்... உலக சாம்பியன் ஆகாத ஜாம்பவான்! யார் இந்த பால் கெரஸ்?

காலையில் பஸ்ஸில் போகும்போது ஒரு மூவ். நண்பரின் பதில் மூவ் வர ஒரு நாள் ஆகலாம், மூணு நாளும் ஆகலாம். செஸ் ஆப்களில் இருக்கும் இந்த 'டெய்லி' ஆட்டம் நம்மில் பலருக்குப் பழக்கம்தான். ஆனா, இது ஆப்கள் கண்டுபிடிச்சது இல்ல. சுமார் 90 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பள்ளி மாணவர் இதை போஸ்ட் கார்டில் ஆடிக்கொண்டிருந்தார். அவர்தான் எஸ்டோனியாவின் பால் கெரஸ்.

ஏன் தபாலில் ஆடினார்?

1916 ஜனவரி 7-ல் நார்வாவில் பிறந்த கெரஸ், பார்னு என்ற சிறிய கடலோர ஊரில் வளர்ந்தார். செஸ் சொல்லிக்கொடுத்தது அப்பா. ஆனால், ஊரில் அவருக்கு ஈடுகொடுத்து ஆட ஆள் இல்லை. செஸ் புத்தகங்களும் அரிது. கிடைத்த ஆட்டங்களைக் கையால் எழுதி எழுதியே ஒரு தொகுப்பு வைத்திருந்தார்.

அடுத்த வழி, தபால். ஒரு கார்டில் ஒரு மூவ். அது போய்ச் சேர்ந்து பதில் வர நாட்கள் ஆகும். ஒரு ஆட்டம் முடிய மாதங்கள் ஆகும். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் சுமார் 150 ஆட்டங்கள் ஆடினார்!

இதில் என்ன லாபம்?

கடிகாரம் துரத்தாது. காய்களை நகர்த்திப் பார்த்து, நிதானமாக யோசிக்கலாம். தோற்றாலும் பரவாயில்லை என்று ரிஸ்க்கான தொடக்கங்களை கெரஸ் இங்கேதான் சோதித்துப் பார்த்தார். 1935-ல் சர்வதேச தபால் செஸ் போட்டியில் சாம்பியன். அதே ஆண்டு வார்சா ஒலிம்பியாடில் எஸ்டோனியாவின் முதல் போர்டில் ஆடினார். வயது 19.

கைநழுவிய கிரீடம்

1938-ல் நெதர்லாந்தில் நடந்த ஆவ்ரோ போட்டியில் அலெகைன், கபாபிளாங்கா, போட்வின்னிக் எல்லோரும் இருந்தனர். ரூபன் ஃபைனுடன் சம புள்ளிகள் பெற்று, டைபிரேக்கில் கெரஸ் முதலிடம். அடுத்து உலக சாம்பியன் பட்ட மோதல்தான் என்று எதிர்பார்த்த நேரத்தில், 1939-ல் உலகப் போர் வந்தது.

எஸ்டோனியாவை 1940-ல் சோவியத், 1941-ல் ஜெர்மனி, 1944-ல் மறுபடி சோவியத் கைப்பற்றின. ஜெர்மனி ஆதிக்கக் காலத்தில் அங்கு நடந்த போட்டிகளில் ஆடியதால், போருக்குப் பின் கெரஸ் மீது சோவியத் அதிகாரிகளின் சந்தேகப் பார்வை விழுந்தது.

1948 உலக சாம்பியன் போட்டியில் போட்வின்னிக்கிடம் முதல் 4 ஆட்டங்களிலும் தோற்றார். ஐந்தாவதில் வென்றபோது பட்டம் போட்வின்னிக் கைக்குப் போயிருந்தது. தோற்கச் சொல்லி நெருக்கடி இருந்ததா? செஸ் உலகம் இன்னும் விவாதிக்கிறது. உறுதியான ஆதாரம் இல்லை.

1953, 1956, 1959, 1962 என நான்கு கேண்டிடேட்ஸ் போட்டிகளில் தொடர்ந்து இரண்டாம் இடம். 1962-ல் பெட்ரோசியனைவிட வெறும் அரைப் புள்ளி குறைவு! கபாபிளாங்கா முதல் பாபி ஃபிஷர் வரை 9 உலக சாம்பியன்களை வென்றவருக்கு அந்தப் பட்டம் மட்டும் கிடைக்கவே இல்லை.

கடைசி வெற்றி

1975-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு போட்டியில் வென்று ஊர் திரும்பும் வழியில், ஹெல்சின்கியில் மாரடைப்பால் இறந்தார். வயது 59. சுதந்திர எஸ்டோனியா தனது 5 குரோன் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. 2016-ல் நூற்றாண்டுக்காக 2 யூரோ நாணயமும் வந்தது.

ஆட ஆள் இல்லாத ஊரில் இருந்து, ஒரு கார்டும் ஒரு தபால்தலையும் வைத்து உலகத் தரத்துக்கு உயர்ந்தவர் கெரஸ். அடுத்த முறை நண்பர் மூவ் போட லேட் ஆனா, கொஞ்சம் பொறுமையா இருங்க. அவரும் யோசிச்சுட்டு இருக்கலாம்!