உப்புத்தாளில் எழுத்துக் கற்பித்த அம்மையார்

1939-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஐரோப்பாவிலிருந்து விமானமேறிச் சென்னை வந்தார் ஒரு மாது. வயது 69. அவர் பேசியதெல்லாம் இத்தாலிய பாஷை. ஆயினும் அவர் சொல்வதைக் கேட்பதற்கென்று, இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் சுமார் 300 பேர் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் கூடியிருந்தனர். ஓலைக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். பக்கத்தில் நிற்கும் ஒருவர் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார்.

அந்த மாதுதான் டாக்டர் மரியா மாண்டிஸோரி. மொழிபெயர்த்தவர் பெயர் மாரியோ. அவரை அம்மையாரின் வளர்ப்பு மகன் என்றும், நெருங்கிய உறவினர் என்றும் உலகம் எண்ணியிருந்தது. உண்மை வேறு.

பெண்ணுக்கு வைத்தியப் படிப்பா?

இத்தாலியில் கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31-ந் தேதி மரியா பிறந்தார். குடும்பம் பின்னர் ரோம் நகரில் குடியேறியது. வைத்தியம் படிக்க வேண்டுமென்று பெண் பிடிவாதம் பிடித்தாள். தந்தைக்கு அதில் சம்மதமில்லை. தாய் மட்டும் துணை நின்றாள். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்றார்கள். ஆகவே மற்றவர்கள் போன பிறகு, மாலை வேளைகளில், மரியா தனியாகப் பிரேதங்களின் நடுவே நின்று படித்தார். 1896-ல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவரானார்.

மனநோய் ஆஸ்பத்திரியில் அவர் கண்ட காட்சி அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பைத்தியக்காரர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மருந்தல்ல, கல்வியே என்று அம்மையார் முடிவு செய்தார். இடார், ஸேகன் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைக் கற்று, மரத்தால் எழுத்துகள் செய்து, குழந்தைகளின் விரல் அவற்றின் மேல் ஓடும்படி செய்தார். அக்குழந்தைகளிற் சிலர் சாதாரணப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாருக்கோ வேறொரு கவலை. குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு தேறினால், நல்ல நிலையிலுள்ள பிள்ளைகள் ஏன் பின்தங்கிக் கிடக்கின்றனர்?

கூரைமேல் ஒரு கூச்சல்

1907 ஜனவரி 6-ந் தேதி, ரோமின் ஏழைப் பகுதியான சான் லொரென்ஸோவில், குழந்தைகள் இல்லம் தொடங்கிற்று. பெற்றோர் வேலைக்குப் போய்விட, தெருவில் அலைந்த சுமார் 50 குழந்தைகள் அங்கே சேர்ந்தனர். எழுத்துக் கற்றுத்தரும் எண்ணம் முதலில் அம்மையாருக்கு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களே வந்து கெஞ்சினார்கள்.

மர எழுத்துகள் செய்து கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஆகவே அம்மையார் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். அதுவே பெரும் நன்மையாய் முடிந்தது. வழவழப்பான அட்டையில் விரல் வழுக்கினால், எழுத்தை விட்டு விலகிவிட்டோம் என்று குழந்தைக்குத் தானே தெரிந்துவிடும். ஆசிரியை திருத்த வேண்டியதில்லை.

சில வாரங்கள் சென்றன. டிசம்பர் மாதத்து வெயில் நாள் ஒன்றில் அம்மையார் குழந்தைகளுடன் மொட்டை மாடியில் இருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, புகைபோக்கியைப் படமாக வரையச் சொன்னார். அவன் வரைந்தான். பிறகு ஒரு கணம் நின்றான். தனக்கு எழுத வருகிறதென்று கூவினான். தரையிலே கை என்ற சொல்லை எழுதினான். அடுத்துப் புகைபோக்கி என்று எழுதினான். மற்றக் குழந்தைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டார்கள். அதுவரை எவரும் அவர்கள் கையைப் பிடித்து எழுதப் பழக்கியதே இல்லை.

'இக்' என்பதா, 'க்' என்பதா?

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அம்மையார் எழுத்தின் பெயரைச் சொல்லித் தரவில்லை. அதன் ஒலியைச் சொல்லித் தந்தார். ஆங்கிலத்தில் சி, ஏ, டி என்று பெயர்களைக் கூட்டிப் பார்க்கும் பிள்ளைக்குக் கேட் என்ற சொல் வருமா? நம் பள்ளிகளிலும் க், ங், ச் என்பவற்றை இக், இங், இச் என்றே சொல்லி வருகிறோம். அந்த இகரம் எழுத்தில் இல்லை. படம் என்று எழுத முயலும் சிறுவன், உதடுகளை மூடி வரும் ம் ஒலியை உணர்ந்தால் போதும். முடிவில் இன்ன எழுத்து வேண்டுமென்று அவனே கண்டுகொள்வான்.

பாடம் மூன்று படிகளில் நடக்கும். முதலில் இரண்டு எழுத்துகளைக் காட்டி, விரலால் தடவச் செய்து, ஒலியைச் சொல்ல வேண்டும். பின்பு ஒலியைச் சொல்லி, அதற்குரிய எழுத்தை எடுத்துத் தரக் கேட்க வேண்டும். கடைசியில் எழுத்தைக் காட்டி ஒலியைக் கேட்க வேண்டும். குழந்தை தவறினால் கடிந்துகொள்ளக் கூடாது. அன்றைக்கு அதோடு விட்டுவிட வேண்டும்.

விரலால் எழுதுவது சென்னைக்குப் புதிதல்ல. 1789-ல் எழும்பூர் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் விடுதியிலும் புகுத்தினார். அது சென்னை முறை என்ற பெயருடன் இங்கிலாந்துக்குச் சென்றது.

பிறந்த நாள் பரிசு

முசோலினி ஆட்சியோடு ஒத்துப்போகாமல் அம்மையார் 1934-ல் தாயகம் துறந்தார். 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கிருந்தும் வெளியேறி ஹாலந்து சேர்ந்தார். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்ததன் பேரில் அடையாறு வந்தார்.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. இத்தாலியர்கள் பிரிட்டிஷ் சர்க்காருக்கு எதிரிகளாயினர். மாரியோவை ஆமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். வயது முதிர்ந்த அம்மையார் அடையாறு எல்லையைத் தாண்டக் கூடாதென்று உத்தரவாயிற்று.

மாரியோ அவர் வயிற்றில் பிறந்த மகன். 1898-ல், மணமாகாத நிலையில் பிறந்த குழந்தை. விஷயம் வெளியே தெரிந்தால் அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு உத்தியோகமும் இல்லை, மதிப்பும் இல்லை. குழந்தையைக் கிராமத்துக் குடும்பமொன்றில் விட்டு, யாரென்று சொல்லாமலே போய்ப் பார்த்து வந்தார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தாயானவர், தம் பிள்ளைக்குத் தாயென்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. தம் தாய் இறந்த பின்னரே, ஏறத்தாழ 15 வயதுப் பையனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார்.

1940 ஆகஸ்டு 31-ந் தேதி அம்மையாருக்கு 70 வயது நிறைந்தது. வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பித் தருவதாக அது தெரிவித்தது. மகன் என்ற சொல் சர்க்கார் தந்தியிலே ஏறிவிட்டது! மாரியோ அடையாறு திரும்பினார்.

யுத்தம் முடியும்வரை தாயும் மகனும் இந்தியாவிலேயே தங்கினர். கோடைக்கானலில் சில காலம் வசித்தனர். அகமதாபாத், கராச்சி, இலங்கை முதலிய இடங்களிலும் பயிற்சி நடத்தினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் தேறினர். 1946-ல் ஐரோப்பா சென்ற அம்மையார், அடுத்த ஆண்டே மீண்டும் அடையாறு வந்தார். குழந்தை மனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1949-ல் சென்னையிலேயே வெளிவந்தது.

1952 மே 6-ந் தேதி ஹாலந்தில் நோர்ட்வைக் கடற்கரையில் அவர் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். உயிலிலே மாரியோவைத் தம் மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்.

இன்று அடையாறு முதல் தாம்பரம் வரை பல தெருக்களில் மாண்டிஸோரி என்று எழுதிய பலகைகள் தொங்குகின்றன. அப்பெயர் எவருக்கும் தனிச் சொத்தல்ல, யாரும் எழுதிக்கொள்ளலாம். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பலகையைப் பார்த்துத் திருப்தியடையாமல் உள்ளே சென்று பார்ப்பது நலம். மூன்று வயதுக் குழந்தை கண்ணீரோடு வரிக்கு வரி எழுத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால், பலகையில் மட்டுமே அம்மையார் இருக்கிறார்.