வாக்கை மீறிய நம்பிக்கை!

தண்டலம் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்கு கம்பெனி பஸ்ல ஷிஃப்ட்டுக்குப் போறவரா நீங்க? அந்த ஊர்லதான் 1017-ல் ராமாநுஜர் பிறந்தார்.

நண்பன்கிட்ட ரகசியம் சொல்றதும் நம்பிக்கை. சாமி கும்பிடுறதும் நம்பிக்கை. இந்த ரெண்டும் மோதினா என்ன பண்ணுவீங்க? அவருக்கு மோதுச்சு.

திருமந்திரத்தின் பொருளைக் கேட்க, ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு அவர் 18 முறை நடந்ததாக வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. யாருக்கும் சொல்லக் கூடாது, மீறினால் நரகம் என்ற நிபந்தனையோடுதான் குரு திருக்கோஷ்டியூர் நம்பி உபதேசித்தார். ராமாநுஜரும் சம்மதித்தார். ஆனால், கோயிலில் உயரமான இடத்தில் ஏறி, கூடியிருந்த எல்லோருக்கும் அதைச் சொல்லிவிட்டார்!

குருவுக்கு செம கோபம். இத்தனை பேர் கரையேறினால், தான் ஒருவன் நரகம் போவது பரவாயில்லை என்றார் ராமாநுஜர். கவனிங்க, குருவின் எச்சரிக்கை பொய்யென்று அவர் நினைக்கவே இல்லை. மந்திரத்தை நம்பிய அளவுக்கு குருவின் வார்த்தையையும் நம்பினார். அதனால்தான் விலை கொடுக்கத் தயாரானார். நெகிழ்ந்துபோன குரு, அவரைக் கட்டியணைத்து 'எம்பெருமானார்' என்று பெயர் தந்தார்.

அடுத்த முறை ஒரு ரகசியத்தை உடைக்கத் தோணுச்சுன்னா, ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க... அதுக்கான விலையைக் கொடுக்கப்போறது நீங்களா, வேற யாரோவா?