ரிப்பேர் கடையிலிருந்து வந்த சத்தம்

ஒரு மாசம் மெனக்கெட்டு வால்வு கிட்டார் ஆம்ப் ஒண்ணு கட்டி முடிச்சிருக்கீங்கன்னு வச்சுக்கோங்க. சேஸிஸ்ல ஓட்டை போட்டாச்சு, டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்தாச்சு, சால்டரிங் முடிஞ்சாச்சு. ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் சுத்தி நிக்க, கிட்டாரைச் சொருகி சுவிட்சைப் போடுறீங்க. வர்றது பாட்டு இல்ல, 'உம்ம்ம்'னு ஒரு இரைச்சல். வால்யூமைத் திருப்பினா காதைக் கிழிக்கிற கீச்சல். சுத்தி நின்ன நாலு பேரும் மெதுவா மெஸ்ஸுக்குக் கிளம்பிடறாங்க.

அந்த நேரத்துல உங்க பக்கத்துல உட்கார வேண்டியவர் ஒருத்தர் உண்டு. பேரு லியோ ஃபெண்டர். ஆமா, கிட்டார் தலையில எழுதியிருக்குமே, அந்த ஃபெண்டர்தான். வீட்டுல ஆம்ப் கட்டுறவங்க இன்னைக்கும் பெரும்பாலும் எடுத்து வைக்கிற சர்க்யூட் 1950-களில் அவர் கம்பெனி போட்டது. அதனால உங்க மேஜைமேல கத்திக்கிட்டு இருக்கிறது ஒரு வகையில் அவரோட ஆம்ப்தான்.

அவரைப் பத்தி முதல்ல மூணு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எலக்ட்ரானிக்ஸை எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படிக்கவில்லை. ஒரு கண் கண்ணாடிக் கண்.

லியோ 1909 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியாவில், அனஹைமுக்கும் ஃபுல்லர்டனுக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா அம்மாவுக்கு ஆரஞ்சுத் தோட்டம். எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி வந்தது. கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கண்ணாடிக் கண்ணால்தான் பின்னாடி இரண்டாம் உலகப்போருக்கு அவரை ராணுவத்தில் எடுக்கவில்லை.

பதினாலு வயசு இருக்கும்போது, கார் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த மாமா ஒரு பெட்டி அனுப்பினார். உள்ளே கழித்துப்போட்ட கார் ரேடியோ பாகங்களும் ஒரு பேட்டரியும். அடுத்த வருஷம் சாண்டா மரியாவில் இருந்த மாமா கடைக்கே போனார். வாசலில் மாமா தானே கட்டின ஒரு ரேடியோ, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் பையனை விடவே இல்லை. கொஞ்ச நாளில் வீட்டிலேயே ஒரு மூலையில் ஊர்க்காரர்களின் ரேடியோவைப் பிரித்து மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

இவ்வளவு ஆர்வம் இருந்தும் காலேஜில் அவர் படித்தது கணக்குப் பதிவியல். பனிக்கட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதினார். பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர். 1934-ல் எஸ்தரைக் கல்யாணம் செய்துகொண்டார். அமெரிக்காவே வேலை இல்லாமல் திண்டாடிய காலம் அது. நெடுஞ்சாலைத் துறை வேலை போனது. டயர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார், ஆறு மாசத்தில் அதுவும் போனது. கேம்பஸ் இன்டர்வியூவில் பேர் வராத ராத்திரி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். லியோவுக்கு அது கல்யாணமான பிறகு, இரண்டு தடவை நடந்தது.

1938-ல் 600 டாலர் கடன் வாங்கிச் சொந்த ஊரான ஃபுல்லர்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். அவரோட உண்மையான இன்ஜினியரிங் காலேஜ் அந்தக் கடைதான்.

ரிப்பேர் கடை என்ன சொல்லிக்கொடுக்கும்? உங்க ஆம்பையே வச்சுப் பாருங்க. முதல்ல, சுவிட்சை அணைச்சாலும் உள்ளே 350, 400 வோல்ட் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். சரியான ரெசிஸ்டர் வழியா அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகணும். மறுபடி பவர் கொடுக்கும்போது சீரீஸ் லாம்ப் வழியா கொடுங்க. உள்ளே ஷார்ட் இருந்தா பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பிச்சிடும்.

அடுத்தது இரைச்சல். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் தாண்டினா அது 100 ஆகும். இரைச்சல் 100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் கெபாசிட்டர் மேல சந்தேகப்படலாம். 50 என்றால் ஹீட்டர் ஒயர் போன பாதையையோ கிரவுண்ட் சேர்த்த இடத்தையோ பாருங்க. பவர் வால்வுக்குள்ள தகடு செக்கச்செவேல்னு சிவக்குதா? உடனே அணைச்சிடுங்க. கப்ளிங் கெபாசிட்டர் கசிந்து, கிரிட்டுக்கு வரக்கூடாத டி.சி. வோல்டேஜ் வந்திருக்கலாம். இரைச்சல் எந்த ஸ்டேஜில் பிறக்குதுன்னு தெரியலையா? பவரை அணைச்சு, முதல் வால்வைக் கழட்டிட்டு மறுபடி போட்டுக் கேளுங்க. சத்தம் நின்னா பிரச்சினை அங்கேயோ அதுக்கு முன்னாடியோ. நிக்கலைன்னா பின்னாடி தேடுங்க.

இதில் எதுவும் பெரிய தியரி கிடையாது. ஆனா வருஷக்கணக்கா, தினமும் வேற வேற ரேடியோவில் இதையே செய்யும் ஒருத்தருக்கு ஒரு அறிவு வரும். எந்தப் பாகம் முதலில் கெடும், எந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுழையாது, எந்தக் கம்பெனி டிசைனர் ரிப்பேர்க்காரனை நினைச்சே பார்க்கவில்லை என்பதெல்லாம் கைக்கே தெரிந்துவிடும். லியோவுக்குத் தெரிந்தது. கூடவே கணக்கர் புத்தி வேற. ஒரு சின்ன ஆம்பில் இரண்டு 6வி6 வால்வுக்கும் பொதுவா 250 ஓம் கேதோடு ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கும். அதில் 20 வோல்ட் காட்டினா மொத்தம் 80 மில்லி ஆம்பியர், ஆளுக்கு 40. வரவும் செலவும் இடிச்சா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். பேரேட்டைச் சரிபார்க்கிற வேலைதான்.

கடைக்கு ரேடியோவோடு பாட்டுக்காரர்களும் வந்தார்கள். மைக் செட் வேணும், கிட்டார் சத்தம் பத்தலை என்றார்கள். லியோ ஆம்ப் கட்டி விற்றார், வாடகைக்கும் விட்டார். டாக் காஃப்மன் என்கிற கிட்டார்க்காரரோடு சேர்ந்து 1945-ல் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரையும் அதற்கான ஆம்பையும் செட்டாக விற்கத் தொடங்கினார். கடன் பயத்தில் அடுத்த வருஷமே காஃப்மன் ஒதுங்கிக்கொண்டார். லியோ ஒதுங்கவில்லை. 1946-ல் தன் பேரிலேயே கம்பெனியை நடத்தினார்.

அந்தக் காலத்து ஃபெண்டர் ஆம்ப் ஒன்றின் படத்தைத் தேடிப் பாருங்க. பின்பக்கப் பலகையின் ஸ்க்ரூவைக் கழட்டினால் சர்க்யூட் மொத்தமும் முகத்துக்கு நேரே நிற்கும். ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் ஃபைபர் போர்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றை எடுக்க இன்னொன்றைப் பிடுங்க வேண்டாம். துணி சுற்றிய ஒயர், முனையை விரலால் பின்னே தள்ளினாலே செம்பு தெரியும். எந்த சாக்கெட்டில் எந்த வால்வு என்று பெட்டிக்குள்ளேயே ஒரு தாள் ஒட்டியிருக்கும். பத்து வருஷம் கழித்து, ஏதோ ஒரு ஊரில், முகம் தெரியாத ஒரு மெக்கானிக் இதைத் திறப்பான் என்று தெரிந்தவர் செய்த பெட்டி அது.

கிட்டாரிலும் அதே கதை. 1950-ல் வந்து, பிறகு டெலிகாஸ்டர் என்று பேர் பெற்ற கிட்டாரின் கழுத்து நாலு ஸ்க்ரூவில் நிற்கிறது. கழுத்து கெட்டால் கழட்டி வேறு மாட்டலாம். ஒட்டிச் செய்த கிட்டாரே உசத்தி என்று நினைத்தவர்களுக்கு அது பலகைத் துண்டாகத் தெரிந்தது. ராத்திரி ராத்திரி கச்சேரிக்குப் போகும் ஆளுக்கு அது சோறு போட்டது.

வாசிக்கத் தெரியாத குறையை அவர் மறைக்கவில்லை. செய்ததை எல்லாம் வாசிப்பவர் கையில் கொடுத்து, அவர்கள் குறை சொல்வதைக் கேட்டுக்கொண்டார். டிக் டேல் என்ற இளைஞர் வாசித்த வேகத்தில் ஆம்புகளும் ஸ்பீக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. அந்தப் பையனை மெதுவா வாசிக்கச் சொல்லி அனுப்பியிருக்கலாம். லியோ பெரிய டிரான்ஸ்ஃபார்மரோடு ஷோமேன் ஆம்பைக் கட்டினார்.

1951-ல் எலக்ட்ரிக் பேஸ் கிட்டார் வந்தது, அதற்காக 1952-ல் பேஸ்மேன் ஆம்ப் வந்தது. பிறகு வந்த நாலு ஸ்பீக்கர் பேஸ்மேனை சாதா கிட்டார்க்காரர்களே தூக்கிக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் 1962-ல் முதல் மார்ஷல் ஆம்பைக் கட்டியவர்கள் முன்னால் வைத்துக்கொண்டதும் அந்தச் சர்க்யூட்தான். திறந்து பார்க்கச் சுலபமான பெட்டியைக் காப்பி அடிக்கவும் சுலபம். அந்த விலையை லியோ கொடுத்தார்.

இதற்கு நடுவில் உடம்பு அவரைக் கைவிட்டது. 1950-களின் நடுவிலிருந்து சைனஸில் ஒரு தொற்று, போவேனா என்றது. இனி நாள் அதிகமில்லை என்று நம்பி, 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அப்புறம் வேறு டாக்டரிடம் போனார். அவர் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் நோய் குணமாகிவிட்டது! உயிர் இருக்கிறது, பணம் இருக்கிறது, பேர் மட்டும் வேறொருவர் கையில். அந்தப் பேரில் அவர் இனி எதுவும் விற்க முடியாது.

வேற யாராவது இருந்தா படகு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். லியோ மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். 1970-களில் மியூசிக் மேன் கம்பெனி. 1979-ல் எஸ்தர் இறந்தார். அதையொட்டியே பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு ஜி அண்டு எல் கம்பெனி. கைநடுக்க நோயான பார்க்கின்சன்ஸ் வந்தது, அப்போதும் வேலைக்கு வந்தார். 1991 மார்ச் 21-ல் இறந்தார். அதற்கு முந்தின நாள்கூட வேலை செய்தார்.

இப்போ உங்க ஆம்புக்கு வருவோம். அந்தக் கீச்சல் இன்னும் தீரலையே? நீங்க கட்டினது பேஸ்மேன் மாதிரி ஃபீட்பேக் உள்ள சர்க்யூட் என்றால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் பவர் வால்வுகளுக்குப் போகும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பாருங்க. தலைகீழாக மாட்டியிருந்தால் நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆகி, ஆம்ப் தானே கத்தும். கெபாசிட்டரை இறக்கிட்டு, மீட்டரில் பார்த்துட்டு, அப்புறம் கை வைங்க.

சத்தம் சரியானதும் உடனே மூடிடாதீங்க. ஒவ்வொரு வால்வு காலிலும் எவ்வளவு வோல்ட் என்று அளந்து, தேதி போட்டு ஒரு தாளில் எழுதுங்க. பெட்டிக்குள்ளே ஒட்டுங்க. நாலு வருஷம் கழிச்சு உங்க ஜூனியர் யாரோ ராத்திரி பதினோரு மணிக்கு அதைத் திறப்பாங்க. அவங்களுக்கு அந்தத் தாள் வேணும்.