யாழ் எப்படி இருந்தது? 14 வருஷம் தேடிய துறவி: யார் இந்த விபுலானந்தர்?

வியட்நாமில் டான் ட்ரான் என்ற பழைய நரம்புக் கருவி இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கிறது. ஆனால் சங்க காலத்தில் பாணர்கள் தோளில் சுமந்த யாழ்? அது எப்படி இருந்தது என்பதே மறந்து போச்சு. அதைக் கணக்குப் போட்டு மீட்டவர்தான் சுவாமி விபுலானந்தர்.

அறிவியல் வாத்தியார்

1892-ல் இலங்கையின் காரைதீவில் பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனன். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும், லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. தேர்விலும் தேறியவர். யாழ்ப்பாணத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தார்.

1922-ல் வேலையை விட்டுவிட்டு சென்னை மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துக்கு வந்துவிட்டார். 1924-ல் துறவியாகி விபுலானந்தர் ஆனார்.

ராஜா அண்ணாமலைபுரத்துக்கு என்ன தொடர்பு?

மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்தப் பகுதிக்குப் பெயர் தந்தவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். அவர் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்தார் விபுலானந்தர். செட்டியார் பின்னாளில் தமிழிசைக்காகப் போராடினார். விபுலானந்தர் அந்த இசையின் வேரைத் தேடினார்.

யாழ் வேற, வீணை வேற!

வீணையில் ஒரே தந்தியில் மெட்டு மாற்றி பல சுரங்கள் வாசிக்கலாம். யாழில் மெட்டு கிடையாது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனி நரம்பு. 7 நரம்பு கொண்ட செங்கோட்டி யாழும் உண்டு, 21 நரம்பு கொண்ட பேரியாழும் உண்டு. வீணை பரவப் பரவ யாழ் வழக்கிலிருந்து மறைந்தது.

கையில் ஒரு பழைய யாழ்கூட இல்லாமல் எப்படி ஆராய்வது? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் பழைய உரைகளையும் எடுத்துக்கொண்டார். அதில் வரும் பாலை, பண், நரம்புக் குறிப்புகளைச் சுருதிக் கணக்குகளாக மாற்றினார். தமிழும் கணிதமும் ஒரே ஆளுக்குத் தெரிந்ததால்தான் இது சாத்தியமாச்சு.

கடைசி 6 வாரங்கள்

இடையில் இமயமலை மாயாவதியில் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியர் பணி. 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்பு. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் சுமார் 14 ஆண்டு உழைப்பு நிற்கவில்லை. 7 இயல்கள் கொண்ட 'யாழ் நூல்' உருவானது.

1947 ஜூன் மாதம், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்புதூர் சிவன் கோயிலில் நூல் அரங்கேறியது. உடல் தளர்ந்த நிலையிலும் விபுலானந்தர் நேரில் வந்திருந்தார்.

அடுத்த மாதமே, ஜூலை 19-ல் கொழும்பில் காலமானார். வயது 55. மட்டக்களப்பில் அவர் உருவாக்கிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில்தான் சமாதி இருக்கிறது.

இன்று அவர் இல்லை. ஆனால் இப்போது யாராவது யாழ் செய்ய உட்கார்ந்தால், முதலில் புரட்டுவது அவர் எழுதிய புத்தகத்தைத்தான்.